இழுவை

வாய் வைத்து இழுத்துப் பார்ப்பது என் வேலை.
பற்றவைக்காத சுங்கானை,
ஒரு நாளைக்கு முந்நூறு.
காற்று நூல் மாதிரி வரவேண்டும்.
சீட்டி அடிக்கக் கூடாது,
சளி பிடித்த மூக்குபோல் உறிஞ்சக் கூடாது.
சரி என்றால் வலப்பக்கத் தட்டு.
இல்லையென்றால் இடப்பக்கம் தள்ளுவேன்,
வறுவேலின் கடைசல் மேசைக்குத் திரும்பிப் போகும்.
"எனக்க ஓட்ட நேராத்தான் இருக்கு,
ஒனக்க வாயிதான் கோணல்" என்பார்.

புகையிலையை நான் தொட்டதில்லை.
சபையில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.
போதகர் நம்பினார்.
போதகரின் மனைவி நம்பவில்லை.

இதற்கு முன்னால் அண்டியாபீஸ்.
தல்லித் தல்லி உள்ளங்கை கறுத்தது.
அது வியட்நாமுக்குப் போன வருஷம்
அழகியமண்டபத்தில் இதைத் திறந்தார்கள்.
ஒரே பஸ். மேலே ஃபேன். கை வெளுத்துவிட்டது.

வேர்க்கட்டை இத்தாலியிலிருந்து வரும்,
ஏதோ மலைப்புதரின் வேர், தீயில் வேகாதாம்.
வாயில் வைக்கிற கறுப்புத் தண்டு ஜெர்மனி.
ரப்பரும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சியது
என்று ஜெரால்டு சொன்னான்.
அப்படியானால் குலசேகரத்து ரப்பராகவும் இருக்கலாம்.
என் அண்ணன் நெற்றியில் விளக்கு கட்டி
விடியுமுன் வெட்டுகிற பால்
கப்பலேறி, கறுத்து, திரும்பி வந்து
என் பல்லில் கசக்கிறதோ என்று
அவனிடம் ஒருதரம் கேட்டேன்.
"எனக்க பால் கசக்காது பிள்ளே.
அது வேற எவனுக்கயோ மரம்."

புகைக்கிறவர்கள் டென்மார்க்கில்.
ஆக, நாங்கள் போட்டது ஓட்டை மட்டும்.
அந்த ஓட்டை இப்போது வேறிடத்தில் மலிவு.

ஜெரால்டு முதலாளியின் மகன்.
"அக்கா, கடைசியா ஒரு உதவி."
ரப்பர்க்குழாயின் ஒரு முனை சுங்கானில்,
மறுமுனையில் கடிகாரம் மாதிரி ஒரு மானி.
இழுங்க. இன்னொருதரம். எப்பவும் போல.
நூற்றிருபது சுங்கான்.
நல்லது ஒவ்வொன்றுக்கும்
முள் ஒரே கோட்டில் போய் நின்றது.
எண்ணை எழுதி, சுற்றி வட்டம் போட்டான்.
அங்கே மிஷின் இழுக்குமாம்,
இந்த எண்ணுக்கு.
என்ன எண் என்று கேட்டேன்.
கம்பெனி விஷயம் என்றான்.
பிறகு வெட்கப்பட்டு, காதருகே வந்து சொன்னான்.
வீடு சேர்வதற்குள் மறந்துவிட்டேன்.

கண்டெய்னர் லாரி சந்தில் திரும்பமுடியாமல்
றோஸ்லெட் வீட்டு மதிலை இடித்தது.
மதிலுக்கு நஷ்டஈடு அன்று சாயங்காலமே கொடுத்தார்கள்.
எங்கள் கணக்கு முடிய நாலு மாசம்.
அதோடு ஆளுக்கொரு சுங்கான்,
நீல வெல்வெட் பெட்டியில்.
இழுத்துப் பார்த்தேன்.
போன ஆவணியில் நானே
இடப்பக்கம் தள்ளியது.

வறுவேல் தன்னுடையதைக் கன்னியாகுமரியில்
வெள்ளைக்காரன் ஒருவனுக்கு விற்றாராம்,
மூவாயிரம் என்கிறார், பாதியை நம்பலாம்.
என்னுடையது அடுக்களையில் இருக்கிறது.
கிண்ணம் நிறைய ஒரு தரம் காப்பித்தூள்,
கருப்பட்டிக் காப்பி நாலு பேருக்குச் சரியாக வரும்.

நேற்று தக்கலை பஸ் ஸ்டாண்டில்
சர்பத் வாங்கினேன், எலுமிச்சை பிழிந்து.
காகித ஸ்ட்ரா.
கிளாசில் போடுமுன் வாயில் வைத்து இழுத்தேன்.
"அடைப்பு. மாத்தித் தாங்க."
கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"ஒண்ணுமில்லியே."
"இருக்கு."
முறைத்துக்கொண்டே இன்னொன்று தந்தார்.
இழுத்தேன். நூல் மாதிரி வந்தது.
தன்னால் கை வலப்பக்கம் நீண்டது.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நின்றிருந்தான்,
தனக்கென்று நினைத்து
வாங்கித் தன் கிளாசில் போட்டுக்கொண்டான்.